வீட்டுக்குள் மிதிக்கச் சிக்கனமான சைக்கிள் டிரெய்னர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மழைக்காலத்திலும் இருட்டிய பிறகும் சைக்கிள் பயிற்சி தடைபடாமல் இருக்க, என்னிடம் இருக்கும் சைக்கிளையே பொருத்தி மிதிக்கக்கூடிய டிரெய்னர் ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். போட்டிகளில் கலந்துகொள்ளும் நோக்கம் இல்லை. நாள்தோறும் அரை மணி நேரம் வியர்க்க மிதித்தால் போதும். சைக்கிள், 26 அங்குலச் சக்கரமும் தடித்த கட்டைகள் கொண்ட டயரும் உடைய ஏழு கியர் மவுண்டன் பைக். பின்சக்கரம் இருபுறமும் நட் போட்டு முடுக்கப்பட்டது. குடியிருப்பு அடுக்குமாடியின் மேல்தளத்தில். மேக்னடிக், ஃப்ளூயிட், டைரக்ட் டிரைவ் ஆகியவற்றில் கையைக் கடிக்காமல் எனக்குப் பொருந்துவது எது?

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. டிரெய்னரின் வகையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் சைக்கிளின் பின் அச்சைப் பாருங்கள். பின்டயரை ரோலரில் அழுத்தி ஓட்டும் டிரெய்னர்கள் அச்சின் இரு முனைகளையும் கிண்ணம் போன்ற இரு பிடிகளால் இறுக்கிப் பிடிக்கின்றன. இப்பிடிகள் பெரும்பாலும் குவிக் ரிலீஸ் (நட்டுக்குப் பதில் சிறு நெம்புகோலால் இறுக்கும்) அச்சை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால், அதற்கான எஃகுக் கம்பியைப் பெட்டியிலேயே தந்துவிடுகிறார்கள். உங்களுடையதைப் போன்ற நட் அச்சு சில பிடிகளில் நேராக உட்காரும்; சிலவற்றில் அதற்கென விற்கப்படும் தனி நட் போட்டால்தான் நிற்கும். அரைகுறையாகப் பிடித்த சைக்கிள் எழுந்து நின்று மிதிக்கும்போது நழுவிவிடும் என்பதால், இதில் மட்டும் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம்.

டைரக்ட் டிரைவை நீங்கள் தாராளமாக ஒதுக்கிவிடலாம். அதில் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை டிரெய்னரில் பொருத்திய கேசட்டில் (பின் பல்சக்கரத் தொகுப்பில்) மாட்ட வேண்டும். ஆனால் ஏழு கியர் சைக்கிள்கள் பலவற்றில் பின்னால் இருப்பது ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) மரையிட்டுத் திருகப்பட்ட ஃப்ரீவீல் என்னும் வேறு வகைப் பல்சக்கரத் தொகுப்பு. அதைக் கழற்றி டிரெய்னரில் போட முடியாது. ஆகவே, ஏற்கெனவே விலை கூடிய பொருளுக்குக் கேசட் செலவும் சேரும்.

மீதி இரண்டில் நான் ஃப்ளூயிட் பக்கம்தான் சாய்வேன். மேக்னடிக் வகையில் காந்தத்தின் நெருக்கத்தை ஒரு நெம்புகோலால் மாற்றுகிறோம்; ஒரு நிலையில் வைத்துவிட்டால், வேகம் கூடும் அளவுக்கேற்ப உழைப்பும் சீராகவே கூடும். ஃப்ளூயிட் வகையிலோ, சிலிக்கோன் எண்ணெய்க்குள் சுழலும் இறக்கைகள் வேகம் ஏற ஏற மிகக் கடுமையாகத் தடுப்பதால், வெளியே எதிர்காற்றில் மிதிப்பதற்கு நெருக்கமான உணர்வு கிடைக்கும். சத்தமும் பொதுவாகக் குறைவு. எந்த வகையானாலும் கட்டை டயரை மாற்றி வழவழப்பான டயர் போடுங்கள். ஒவ்வொரு கட்டையும் ரோலரில் மோதி எழுப்பும் இரைச்சலை எந்த டிரெய்னராலும் அடக்க முடியாது.

மறுமொழி 2

டயர், அச்சு பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஃப்ளூயிட் விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அதில் கடினத்தை மாற்றக் கியரை விட்டால் வேறு வழியில்லை. மலிவான சைக்கிள்களில் அழுத்தி மிதிக்கும்போது கியர் தாவுவது வழக்கமான தொல்லை என்பதால், ஹேண்டில்பாரில் நெம்புகோல் உள்ள மேக்னடிக் வகையே இவருக்கு வசதி என்பேன்.

மேல்தளத்தில் இருப்பவர் காற்றில் வரும் சத்தத்தைவிடத் தரை வழியே இறங்கும் அதிர்வைத்தான் கவனிக்க வேண்டும். கீழ்வீட்டாருக்குக் கேட்பது அந்த உறுமல்தான். தடித்த ரப்பர் விரிப்பு கட்டாயம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அச்சின் விவரத்தைப் பார்த்துவிட்டேன். தனி நட் தேவைப்படும் என்று தெரிகிறது. ஃப்ளூயிட் வாங்கினால், ஏழு கியரை வைத்துக்கொண்டு போதிய கடினம் கிடைக்குமா?

மறுமொழி 1

கிடைக்கும். முன்னால் 42 பல், பின்னால் மிகச் சிறியது 14 பல் என்று வைத்துக்கொண்டால், பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் மூன்று சுற்று சுழலும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகம் வரும். ஃப்ளூயிட் டிரெய்னரில் அந்த வேகத்தை அரை மணி நேரம் தாங்குவது பயிற்சி உள்ளவருக்கே எளிதன்று. ஆனால் கியர் தாவினால், நண்பர் சொன்னதுபோல், முதலில் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

மறுமொழி 3

புளூடூத் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் தேவைக்குப் பெடல் சுற்றைக் காட்டும் ஒரு சிறு சென்சாரே மிகுதி. மிச்சமாகும் தொகையில் நல்ல மின்விசிறி ஒன்றை வாங்கி முகத்துக்கு நேரே வையுங்கள். வீட்டுக்குள் எதிர்காற்று இல்லாததால் உடல் விரைவில் சூடேறி, கால் ஓய்வதற்கு முன்பே மூச்சு ஓய்ந்துவிடும். வியர்வையின் உப்பு ஹேண்டில் கழுத்தில் உள்ள போல்ட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், அங்கே ஒரு துண்டைப் போர்த்திவிட்டு மிதியுங்கள்.

பழைய ஃப்ளூயிட் டிரெய்னர் ஏதேனும் விலைக்கு வந்தால், எண்ணெய்க் கூட்டின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெய் கசிகிறது என்று பொருள். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.