பழைய கயாகும் வாங்குவது பற்றி: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

கொரியாவில் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். கயாகும் என்ற கொரியத் தந்தி வாத்தியம் கற்க ஆரம்பித்திருக்கிறேன். வகுப்பில் இருப்பதை வாசித்தால் போதவில்லை, வீட்டில் சாதகம் பண்ண சொந்தமாக ஒன்று வேண்டும். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது.

எனக்கு வேண்டியது 12 தந்தி சான்ஜோ கயாகும் (சான்ஜோ என்பது தனி வாத்தியமாக வாசிக்கும் கொரிய இசை வடிவம்). 25 தந்தி வைத்த நவீன வாத்தியம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதில் பாலியெஸ்டர் தந்தி; சத்தம் கணீரென்று வரும், ஆனால் எனக்குப் பிடித்தது பட்டுத் தந்தியின் அந்த மங்கலான நாதம்தான். இடக்கையால் தந்தியை அழுத்தி ஸ்வரத்தை அசைப்பதும் பட்டில்தான் சுகம். வீணை கற்றவர்களுக்குக் கமகம் நினைவுக்கு வரும். சான்ஜோவில் மெதுவான ஜின்யாங்ஜோ தாளத்தில் தொடங்கும்போது இந்த அசைவுதான் எல்லாமே. வேகமான ஜாஜின்மோரி தாளத்துக்கு நான் போக இன்னும் வருஷங்கள் ஆகும், அது வேறு கதை!

சியோலில் நாக்வான் வாத்தியக் கடை வளாகத்தில் பழையது விற்பார்களா? விற்றால், பவுலோனியா மரப் பலகையில் எதைப் பார்க்க வேண்டும்? விரிசல் கண்ணுக்குத் தெரியும். வளைந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? தந்திகளைத் தாங்கும் குதிரைகள் மாறியிருந்தால் சுருதி நிற்குமா? பட்டுத் தந்தி முழுசாக மாற்ற எவ்வளவு கேட்பார்கள்?

இன்னொன்று. ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவர வேண்டும். நாலரை அடிக்கு மேல் நீளம். விமானத்தில் கொண்டுபோனவர்கள் யாராவது இருந்தால், கெட்டிப் பெட்டி அவசியமா என்று சொல்லுங்கள். சென்னை ஈரக்காற்றில் பட்டுத் தந்தி தாங்குமா என்பதும் தெரிய வேண்டும்.