கடெரின் ஒட்டுறதை சிமுலேட் பண்ணுறது, என்ர சோடி ஒட்டுதே இல்லை

கொக்குவில்_பெடியன்:
வணக்கம், கம்பஸ் ஃபைனல் இயர் புரொஜெக்டுக்கு செல்லும் செல்லும் ஒட்டுற விசயம் எடுத்திருக்கிறன், ஈ-கடெரின் புரதம். புரத டேட்டா பாங்கில 3கியூ2வி எண்ட நம்பரில இருக்கிற அதின்ர ஸ்ட்ரக்சரில வெளி நுனி ரெண்டு டொமைனை (புரதத்தின்ர துண்டுகளை) மட்டும் வெட்டி எடுத்து, ரெண்டு மொலிக்கியூலை எதிரெதிரா வைச்சு, அணு அசைவைக் கணக்கிடுற குரோமாக்ஸ் சொஃப்ட்வெயாரில ஓட்டுறன். கிட்ட வருகுது, உரசுது, திரும்ப விலகிப் போகுது. லப்டொப்பில ஒரு பழைய ஜிபியூதான் இருக்கு, இன்னும் கன நேரம் ஓட விட்டா ஒட்டுமோ? தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா சொல்லுங்கோ.

சுன்னாகம்_அக்கா:
தம்பி, காத்துக்கொண்டு இருந்து பிரயோசனம் இல்லை. ஒரு ஸ்டெப் 2 ஃபெம்டோ செக்கன் எண்டால் 1 மைக்ரோ செக்கனுக்கே 50 கோடி ஸ்டெப் வேணும், உது ஒட்டிக் கழருறது செக்கன் கணக்கில நடக்கிற வேலை. தனிச் சோடியின்ர பிடியும் பலவீனம்தான், கேடி (பிடியின்ர அளவு, நம்பர் கூடினால் பிடி பலவீனம்) கிட்டத்தட்ட 100 மைக்ரோமோலார். அந்த ஸ்ட்ரக்சரின்ர கிறிஸ்டலிலயே ஒட்டின சோடி கிடக்கு, அதில தொடங்கி இழுத்துப் பிரிச்சுப் பாரும்.

தட்டாதெரு_சந்தி:
அக்கா சொன்னது சரி, ஆனா ஓட்ட முதல் ரெண்டு விசயம் பாரும். ரெண்டு டொமைனுக்கு நடுவில 3 கல்சியம் இருக்கோணும், ஃபைலில தண்ணியை அழிக்கேக்க கனபேர் அதையும் சேத்து அழிச்சுப்போடுவினம், அது இல்லாட்டி அந்த மூட்டு தளந்து ஆடும். லாபில கல்சியத்தைப் பிடிச்சு எடுக்கிற ஈடிடிஏ போட்டால் செல் ஒண்டையொண்டு விடுறதும் இதாலதான். மற்றது நுனி. ரெண்டாவதா நிக்கிற அமினோ அமிலம், ட்ரிப்டோஃபான்தான் மற்ற மொலிக்கியூலின்ர குழிக்குள்ள போய் இருக்கும், அதின்ரது இங்கால வரும். உது நிலைக்கோணும் எண்டால் நுனி அமினோ குரூப் பிளஸ் சார்ஜோட நிண்டு 89ஆவது குளுட்டமேட்டைப் பிடிக்கோணும், நுனியை மூடுற அசிட்டைல் கப் போட்டால் சார்ஜ் போச்சு. முன்னால ஒரு மெதியோனின் கூட நிண்டாலே கெட்டுப்போகும்.

கொக்குவில்_பெடியன்:
கல்சியம் நிக்குது, கப் போடேல்ல. அப்ப ரெண்டு ட்ரிப்டோஃபானும் தங்கட தங்கட குழிக்குள்ள இருக்கேக்க முதலில எப்பிடிச் சந்திக்குதுகள்?

சுன்னாகம்_அக்கா:
நல்ல கேள்வி. எக்ஸ்-டைமர் எண்டு ஒரு இடைநிலை இருக்கு, நுனிகள் ஒண்டுக்கொண்டு மாற முதல் அந்தக் கல்சிய மூட்டுப் பக்கத்தால ஒட்டும். 14ஆவது லைசினை குளுட்டமேட் ஆக்கினால் அது வராது, நுனி மாறுறது நல்லாப் பிந்தும். ட்ரிப்டோஃபானை அலனின் ஆக்கினால் எக்ஸ்-டைமரோடயே நிண்டுவிடும். 2012இல அந்த எக்ஸ்-டைமரை இழுத்துப் பாத்தவை, ஒரு அளவு மட்டும் விசை கூடக் கூட இன்னும் கன நேரம் பிடிச்சு நிக்குது! நான் எண்டால் இதைத்தான் புரொஜெக்டா எடுப்பன். ஒண்டு, நாங்கள் சிமுலேஷனில இழுக்கிற ஸ்பீட், லாபில மொலிக்கியூலை இழுத்து விசை அளக்கிற ஏஎஃப்எம் கருவியை விட எத்தனையோ மடங்கு கூட, அதால விசை பெரிசாத்தான் வரும், அந்த நம்பரை நேர ஒப்பிட ஏலாது.

தட்டாதெரு_சந்தி:
செல் அளவில பாக்கோணும் எண்டால் அணு அணுவா ஓட்டுறதை விடும். ஒரே செல்லில பக்கத்துப் பக்கத்தில நிக்கிற மொலிக்கியூல் சேர்ற சிஸ் பிடி கரைசலில அளக்கவே ஏலாத அளவு பலவீனம், ரெண்டு மெம்பிரேனுக்கு நடுவில அடைபட்டு நிக்கேக்கதான் கூட்டா வேலை செய்யும். லட்டிஸில (கட்டம் கட்டமான வலையில) ஒரு மொலிக்கியூலை ஒரு புள்ளியா வைச்சு, எழுந்தமானமா நகர்த்திப் பாக்கிற மொன்டே கார்லோ புரோகிராமை பைதனிலயே எழுதலாம், உம்மட லப்டொப்பே காணும். மற்றது கரண்ட் நிண்டால் பயப்பட வேண்டாம், குரோமாக்ஸ் 15 நிமிசத்துக்கு ஒருக்கா செக்பொயின்ட் (அதுவரை ஓடினதைச் சேமிக்கிற ஃபைல்) எழுதும், அதில இருந்து தொடரும்.