டி.வி. மேடையில் நம்ம ஊர் ஆட்டம்: போனவங்க கண்டது, போறவங்க கேட்டு வாங்க வேண்டியது

ஒயிலாட்டப் பயிற்சியாளர், மேலூர் பக்கம்

ஒயிலாட்டம், கரகம், தேவராட்டம், பறைன்னு குழு சேர்த்து டி.வி. நடனப் போட்டிக்குப் போய்ட்டு வர்றவங்க எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான். ஊர் மந்தையில நிக்கிற ஆட்டம் அந்த மேடையில நிக்க மாட்டேங்குது. ஆடுறவங்க மேல குறை இல்ல. அங்க நேரம், தரை, வெளிச்சம், ஒலி, மார்க்குத் தாள் எல்லாமே சினிமாப் பாட்டுக்கு அளவெடுத்துத் தச்சிருக்கு. ஆட்டத்தை அதுக்குள்ள திணிக்கும்போது எங்க கிழியுதுன்னு அவங்கவங்க கண்டதை எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம், அடுத்துப் போற குழுவுக்குக் கைகொடுக்கணும்.

நேரத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். ஒயில் பைய ஆரம்பிச்சு ஏறுற ஆட்டம். வாத்தியார் ஒரு அடி பாட, வரிசை அதை வாங்கிப் பாட, கைக்குட்டை விழுந்து எழும்ப, அடவு (ஆட்ட ஸ்டெப்) மாற மாற வேகம் கூடும். ஊர்ல ராத்திரி பூரா ஓடும். போட்டியில கிடைக்கிறது பெரும்பாலும் மூணு நிமிஷம். அதுல முதல்ல வெட்டச் சொல்றது அந்த மெதுவான பகுதியைத்தான். வெட்டிட்டா, ஏற்றம்னு ஒண்ணு தெரியவே தெரியாது. முதல் வினாடியிலயே உச்சத்துல ஆடினா ஒரு நிமிஷத்துல எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும். அப்புறம் நடுவர் வாயில இருந்து 'திரும்பத் திரும்ப ஒரே ஸ்டெப்'னு வரும்.

180 வினாடியை இப்படிப் பிரிச்சுக்குங்க. முதல் 40 மெதுவா, இதை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீங்க. அடுத்த 80 இடைவேகம், வரிசை ரெண்டாப் பிரிஞ்சு எதிரெதிரா வர்றது இங்க. கடைசி 60 முழுவேகம். அடவு எட்டுக்கு மேல வேண்டாம். ஒரு அடவு நாலு தடவையாவது வந்தாத்தான் கண்ணுல பதியும்.

மேடை அகலத்தையும் முன்கூட்டியே கேட்டுக்குங்க. கை வீசி ஆட ஒரு ஆளுக்கு அஞ்சடி வேணும். 12 பேர் ஒத்த வரிசையில நின்னா 60 அடி. மேடை 40 அடிதான்னா எட்டுப் பேரோட போங்க. நெருக்கி நிறுத்தினா வீச்சு குறையும், வீச்சு குறைஞ்சா ஒயில் இல்ல.


பறைக் குழு, அலங்காநல்லூர் பக்கம்

எங்களுக்கு முதல் சண்டையே தீயிலதான் அண்ணே. வேப்பங்கட்டைச் சட்டத்துல இழுத்து ஒட்டின மாட்டுத்தோல், அனல்ல காய்ச்சினாத்தான் முறுகி நிக்கும். ஸ்டூடியோவுக்குள்ள வைக்கோல் கொளுத்த விட மாட்டாங்க, விடவும் கூடாது. வெளியில காய்ச்சி எடுத்துட்டு உள்ள வந்தா, ஏ.சி. குளிர்ல சூடு சீக்கிரம் ஆறி, தோல் தொய்ஞ்சு 'தொப்'புனு விழும். 'இதோ கூப்பிடுறோம்'னு உட்கார வச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கூப்பிடுவாங்க. அதுக்குள்ள எல்லாம் போயிடும்.

இதுக்கு வழி: மேடைக்குப் பின்னாடி 500 வாட் ஹாலஜன் விளக்கு ரெண்டு கேட்டு வாங்கிக்குங்க. தோலை விளக்குக்கு நேரா ஒரு அடி தள்ளிப் பிடிச்சு, ஒரே இடத்துல நிறுத்தாம சுத்திக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா கருகிடும். முன்னாடி ஆடுற குழுவுக்கு மார்க் சொல்ல ஆரம்பிச்சதும் காய்ச்ச ஆரம்பிங்க. நடுவர் பேச்சு முடிய நேரம் சரியா இருக்கும். பிளாஸ்டிக் தோல் போட்ட பறையைக் கொண்டுபோனா இந்தத் தொல்லை இல்ல. ஆனா மெல்லிசான சிண்டுக்குச்சியோட கீச்சும் தடிச்ச அடிக்குச்சியோட கனமும் தனித்தனியாப் பிரிஞ்சு கேக்காது.

2025ல நம்ம அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைச்சாச்சு. இன்னமும் பறை அடியை நடுவர் நாற்காலியில இருந்து 'குத்து பீட்'டுனு சொல்றாங்க. அடிக்கு அடி பேர் இருக்கிற கலை இது. மேடை ஏறுறதுக்கு முன்னாடி தொகுப்பாளர் கையில நாலு வரி எழுதிக் கொடுங்க: என்ன அடி, எங்க அடிக்கிறது, எத்தனை எண்ணிக்கை. வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. நாலுல மூணு தடவை வாசிக்கிறாங்க.


சவுண்ட் வேலை பார்ப்பவர், செல்லூர்

சுருக்கமா ஒண்ணு. கால் தாளத்தோட சேரலைன்னு மார்க் குறைக்கிற இடத்துல, பாதி நேரம் தப்பு ஸ்பீக்கர்ல இருக்கும். ஒலி வினாடிக்குக் கிட்டத்தட்ட 340 மீட்டர் போகும். அரங்கத்து ஸ்பீக்கர் 17 மீட்டர் தள்ளி இருந்தா, சத்தம் காதுக்கு வர 0.05 வினாடி ஆகும். நிமிஷத்துக்கு 120 தாள அடி விழுற பாட்டுல ஒரு அடி அரை வினாடி, அதுல பத்துல ஒரு பங்கு பிந்திப் போச்சு. ஆடுறவங்க கேட்டதுக்குச் சரியாத்தான் ஆடுறாங்க. ஒளிபரப்புல பதிவு பண்ணின பாட்டை (டிராக்) நேரடியாச் சேர்த்துடுறதால, வீட்டுல பார்க்கிறவங்களுக்குக் கால் பின்தங்கித் தெரியும். மேடை ஓரத்துல ரெண்டு மானிட்டர் ஸ்பீக்கர், ஆடுறவங்களைப் பார்த்த மாதிரி வைக்கச் சொல்லுங்க. ஒத்திகையிலயே கேட்டாத்தான் வைப்பாங்க.


கரகாட்டக் கலைஞர், திருப்பரங்குன்றம்

தரையைப் பத்தி யாரும் எழுதலையே. கரகம் வெறுங்காலோட ஆடுறது. அங்க பளபளன்னு வினைல் விரிச்சிருப்பாங்க, விளக்கு அதுல மின்னணுமாம். அது மேல முந்தின ஆட்டத்துக்குப் புகை விட்டிருப்பாங்க. புகை மெஷின் திரவம் தரையில எண்ணெய்ப் படலம் மாதிரிப் படியும். டிரை ஐஸ் விட்டிருந்தா ஈரம் கோத்து நிக்கும். 'கோல்டு பயர்' பொறி விட்டிருந்தா கண்ணுக்குத் தெரியாத பொடித்துகள் உள்ளங்கால்ல குத்தும். மூணுல எது இருந்தாலும் ஈரத்துணியால ஒரு தடவை, காய்ஞ்ச துணியால ஒரு தடவை துடைக்கச் சொல்லாம செம்பைத் தலையில ஏத்தாதீங்க. நம்ம ஆளுங்களே ரெண்டு துண்டு கொண்டுபோய்த் துடைச்சுக்கிறது உத்தமம். சலங்கை தரையைக் கீறும்னு கழட்டச் சொல்வாங்க. கழட்டாதீங்க. சலங்கை இல்லாம தவில்காரருக்கு அடி தெரியாது.

தவில்காரர்னு சொன்னேன், பல நேரம் அவரையே கூட்டிட்டு வர விடுறதில்ல. கரகத்துக்கு வாசிக்கிற நையாண்டி மேளத்துல நாயனம் ரெண்டு, தவில் ரெண்டு, பம்பை, உறுமி, தமுக்குன்னு ஏழு பேராவது ஆச்சு. 'டிராக் போட்டுக்கலாம்'னு முடிச்சிடுறாங்க. கரகத்துல மேளம் காலைப் பார்த்து வாசிக்கும். செம்பு லேசாச் சாய்ஞ்சா தவில் ஒரு சுத்து கூட்டி வாசிச்சு, சரி பண்ண நேரம் கொடுக்கும். டிராக் அதைச் செய்யாது. ஆள் குறைக்கச் சொன்னா ஒரு தவிலையும் உறுமியையுமாவது விடாப்பிடியா வச்சுக்குங்க.

அடுத்தது காத்து. முடி பறக்கணும்னு பெரிய பேன் வைப்பாங்க. செம்பு மேல கூம்பா நிக்கிற பூவும் உச்சியில இருக்கிற கிளியும் அந்தக் காத்தை வாங்கி ஆடும், கழுத்து அதுக்கு ஈடு கொடுத்தே களைச்சுப் போகும். பேனை அணைக்கச் சொல்லுங்க. கேமராமேன் பழக்கத்துல தலை வரைக்கும் பிரேம் வச்சுடுவார். தலைக்கு மேல ரெண்டடி விடச் சொல்லுங்க, இல்லைன்னா கரகமே இல்லாத கரகாட்டம்தான் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

மனசுக்கு ரொம்பக் கஷ்டமானது இதுதான். ஏணி ஏறு, தட்டு விளிம்புல நில்லு, கண்ணால ரூபா நோட்டை எடுன்னு வித்தையா மட்டும் கேக்கிறாங்க. அதுவும் நம்ம கலைதான், மறுக்கலை. ஆனா அந்தச் செம்பைக் கொஞ்ச நேரம் உத்துப் பாருங்க. இடுப்புக்குக் கீழ அடி மாறி மாறி ஓடுது, முழங்கால் அந்த அதிர்ச்சியை வாங்கிக்குது, தோள்பட்டைக்கு மேல ஒரு அசைவு இல்ல, கிளியோட மூக்கு ஒரே இடத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது. வருஷக்கணக்கான பயிற்சி அது. அதுக்கு மார்க் போட மார்க்குத் தாள்ல கட்டமே இல்ல.


வீடியோ எடிட்டர், கே.கே. நகர்

அக்கா சொன்ன பிரேம் விஷயம் ரொம்பச் சரி. எடிட்டிங் பக்கத்துல இருந்து: ஒன்றரை வினாடிக்கு ஒரு வெட்டு விழுந்தா மூணு நிமிஷத்துல 120 வெட்டு. அதுல நடுவர் முகம், சக போட்டியாளர் கண்ணீர், கைதட்டல் எல்லாம் போக, கால் தெரியுற நேரம் கொஞ்சம்தான். கைதட்டுற காட்சி அந்த ஆட்டத்துக்கே தட்டினதுன்னும் நினைக்காதீங்க. தனியா எடுத்து வச்சு ஒட்டுறது வழக்கம்.

எடிட்டருக்குக் கெட்ட எண்ணம் இல்ல. ஒயிலாட்டத்துல வரிசைதான் முக்கியம்னு அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனால ஒத்திகை அன்னைக்கே இயக்குநர் கையில ஒரு தாள் கொடுங்க: '0:00 – 0:15 முழு வரிசை, வெட்டு வேண்டாம். 0:40 கால் மட்டும். 1:20 வரிசை பிரியுது, மேலிருந்து ஜிப் (தூக்கு கேமரா). 2:45 முழு வரிசை.' நாலு வரிக்கு மேல எழுதினா யாரும் பார்க்க மாட்டாங்க. பின்னாடி எல்.இ.டி. திரையில சுத்துற படம் வேண்டாம், இருண்ட ஒரே நிறம் போதும்னு கேளுங்க. சிவப்புக் கைக்குட்டை அதுல எடுப்பாத் தெரியும்.


உடை தைப்பவர், குன்னத்தூர் சத்திரம்

மீனாட்சி அம்மன் கோயில் முன்னாடி இருக்கிற புது மண்டபத்துல இருந்து இங்க மாறி வந்த பிறகும் ஆட்டக்காரர் துணிதான் எங்களுக்கு முக்கிய வேலை. மூணு சொல்றேன். வெள்ளை வேட்டி கேமராவுல வெளிறி, மடிப்பே தெரியாம போகும். டீத்தண்ணியில ஒரு முக்கு முக்கி, சந்தன நிறத்துக்குக் கொண்டு வாங்க. 2005ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம மதுரைச் சுங்குடிச் சேலையைக் கட்டணும்னு ஆசைப்படுறது நல்லதுதான், ஆனா பொடிப்புள்ளி தூரத்து ஷாட்டுல மினுமினுன்னு அலையும். பெரிய புள்ளியா எடுங்க. மூணாவது, அங்க உள்ள உடை அலங்காரத்துல ஜிகினா ஒட்டிக் கொடுத்தா கரகத்துக்கு மட்டும் வாங்காதீங்க. விளக்கு பட்டுத் தெறிக்கும்போது ஆடுறவங்களுக்கே கண்ணு கூசும்.


கணக்கு ஆசிரியர், திருமங்கலம்

மார்க் கூட்டும் முறையைப் பற்றி. மூன்று நடுவர்கள், பத்துக்கு மார்க். அ குழுவுக்கு 9, 9, 5. ஆ குழுவுக்கு 8.5, 8.5, 8. கூட்டினால் அ 23, ஆ 25. ஆ வென்றது. ஆனால் மூன்று நடுவர்களில் இருவர் அ குழுதான் மேல் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் இரு குழுக்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வைத்து மார்க் போட்டால் மற்ற இருவரின் தீர்ப்பையும் அவர் ஒருவரே தள்ளிவிட முடியும். பால்ரூம் நடனப் போட்டிகளில் இதைத் தவிர்க்க மார்க்கைக் கூட்டாமல், ஒவ்வொரு நடுவரும் தரும் இடங்களை எண்ணிப் பெரும்பான்மை பார்க்கிறார்கள். 'ஸ்கேட்டிங் சிஸ்டம்' என்று பெயர். அதன்படி அ குழுவுக்கு 1, 1, 2. அதுதான் வெற்றி.

நடுவர் மார்க்கையும் மக்கள் ஓட்டையும் சேர்க்கும்போது வேறொரு சிக்கல் வரும். லண்டனில் பி.பி.சி. நடத்தும் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' போட்டியின் 2008 அரையிறுதியில் அது வெளிப்படையாகவே நடந்தது. மூன்று ஜோடிகள். நடுவர் மார்க்கில் இரண்டு ஜோடிகள் சமமாக முதலிடம், ஆளுக்கு 3 புள்ளி. மூன்றாவது ஜோடிக்கு 1 புள்ளி. மக்கள் ஓட்டிலும் 3, 2, 1. மூன்றாவது ஜோடி ஓட்டில் முதலிடமே வந்தாலும் 1 + 3 = 4. மற்றவை 3 + 2 = 5, 3 + 1 = 4. ஆக, யார் எத்தனை ஓட்டுப் போட்டாலும் அந்த ஜோடி கடைசி இரண்டுக்குள் விழுந்தே தீரும். ஓட்டு நடந்துகொண்டிருக்கும்போதுதான் இது கண்ணில் பட்டது. மூன்று ஜோடிகளையும் இறுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்றாவது ஜோடிதான் கடைசியில் கோப்பையை வென்றது. சமநிலைக்கு அடுத்தவருக்கு 1 தராமல் 2 தந்திருந்தால் 2 + 3 = 5 ஆகி, ஓட்டுக்கு மதிப்பு இருந்திருக்கும்.

எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள். மார்க்கைக் கூட்டுகிறார்களா, இடத்தை எண்ணுகிறார்களா? சமநிலை வந்தால் அடுத்தவருக்கு எத்தனை புள்ளி? மார்க்குத் தாளில் என்னென்ன தலைப்புகள்? தலைப்பில் 'முகபாவம்' இருந்தால் தேவராட்டக் குழு அங்கேயே பேசிவிட வேண்டும். பாட்டே இல்லாமல் துந்துபி என்ற தோல்கருவியின் முழக்கத்துக்குக் காலும் உடலும் ஆடும் ஆட்டத்தில் முகபாவத்துக்குப் பத்து மார்க் ஒதுக்கினால், ஆடத் தொடங்கும் முன்பே பத்தை இழந்தாகிவிட்டது.


வழக்கறிஞர், ஒத்தக்கடை

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு. 14 வயது நிரம்பாத குழந்தை நிகழ்ச்சியில் ஆடுவதற்கு 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள் பொருந்தும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். அதிகாலையில் ஒப்பனை போட்டு நள்ளிரவில் ஆட வைப்பது சாதாரணமாக நடக்கிறது. அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளை வந்த நேரம், ஓய்வெடுத்த நேரம், கிளம்பிய நேரம் மூன்றையும் அன்றன்றே நோட்டில் எழுதி, அங்குள்ள பொறுப்பாளரிடம் கையெழுத்துக் கேளுங்கள். நோட்டைக் கண்டதும் நேரம் ஓரளவு ஒழுங்காகிவிடும்.


ஒயிலாட்டப் பயிற்சியாளர், மேலூர் பக்கம்

டீச்சர் சொன்ன மூணு கேள்வியையும், எடிட்டர் தம்பி சொன்ன நாலு வரியையும் ஒரே தாள்ல அச்செடுத்துக்குங்க. பின்பக்கம் தரை, பேன், மானிட்டர், ஹாலஜன். வாயால கேட்டா 'பார்த்துக்கலாம்'பாங்க, தாளா நீட்டினா யாராவது ஒரு அசிஸ்டென்ட் வாங்கிக் கிளிப்போர்டுல சொருகிடுவார். ரெண்டு நகல் வேணும், ஒத்திகைக்கு ஒண்ணு, படப்பிடிப்பு அன்னைக்கு ஒண்ணு. நடுவுல ஆள் மாறிடுவாங்க.

சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல போறவங்க சலங்கைப் பையையும் கரகச் செம்பையும் சீட்டுக்கு அடியில தள்ளிடாம, மேல் பெர்த்துல தலைமாட்டுல வச்சுக்குங்க. கூம்பைத் தனியாக் கழட்டி, அட்டைப்பெட்டியில கிளி மேல பார்த்த மாதிரி நிறுத்தி வைக்கணும்.