மாக் 1.8 ராக்கெட்டுக்கு ஃபைபர்கிளாஸ் கப்ளரை நாமே செய்வது எப்படி?

ஈசூன்வாசி:
வணக்கம். நானும் நண்பர்கள் இருவரும் 4 அங்குல ராக்கெட் ஒன்றைக் கட்டி வருகிறோம். ஆஸ்திரேலியாவில் முறையான அனுமதியோடு நடைபெறும் ஏவுநாளில்தான் அதைப் பறக்கவிடுவோம். மோட்டாரையும் அங்கேயே வாங்கிக்கொள்வோம். பயணப்பெட்டியில் அடங்க வேண்டும் என்பதற்காக உடலை மூன்று துண்டுகளாக்கியிருப்பதால் அவற்றை உள்ளிருந்து இணைக்கும் இரண்டு கப்ளர்கள் (இணைப்புக் குழாய்கள்) தேவைப்படுகின்றன. உடற்குழாயின் உள்விட்டம் 99 மி.மீ.; கணிப்பின்படி உச்ச வேகம் மாக் 1.8, அதாவது ஒலியைப் போல 1.8 மடங்கு. எத்தனை அடுக்குக் கண்ணாடிநார்த் துணி (ஃபைபர்கிளாஸ்) வைப்பது, பிவிசி குழாயின் மேல் சுற்றினால் போதுமா, சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் எபாக்சிப் பிசின் ஒழுங்காக இறுகுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தெம்பனிஸ் பட்டறை:
தம்பி, அடுக்குகளின் எண்ணிக்கையைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள், ஆனால் சிக்கல் அங்கே இல்லை. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெசவுத் துணியைக் கையால் பிசின் ஏற்றி அடுக்கினால் ஓர் அடுக்கு ஏறத்தாழ 0.2 மி.மீ. வரும், பத்து அடுக்கில் 2 மி.மீ. சுவர் கிடைக்கும். உங்கள் விட்டத்தில் அந்தச் சுவரின் தகைவை (பரப்பளவுக்கான விசையை) 100 மெகாபாஸ்கலுக்குள் கட்டுப்படுத்திக்கொண்டாலும் அது சுமார் 1,400 நியூட்டன் மீட்டர் வளைவைத் தாங்கும். துணியின் ஒரு நூல்வரிசை குழாயின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும், ஏனெனில் வளைவைச் சுமப்பவை அந்த நார்கள்தான்.

கவலைப்பட வேண்டியது தளர்வைப் பற்றி. கப்ளர் 100 மி.மீ. மட்டுமே உள்ளே சென்று, விட்டத்தில் 0.4 மி.மீ. இடைவெளி இருந்தால், இணைப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் கூம்புமுனை 4 மி.மீ. விலகி நிற்கும். அந்தச் சாய்வை மாக் 1.8 வேகக் காற்று பிடித்துக்கொண்டால் வளைவு மேலும் கூடும். உட்செல்லும் நீளத்தை 150 மி.மீ. ஆக்கி, இடைவெளியை 0.2-க்குக் குறைத்தால் விலகல் 1.3 மி.மீ.தான். அமெரிக்க மாணவர் போட்டியான ஐஆர்இசி-யின் வழிகாட்டி இருபுறமும் குறைந்தது ஒரு விட்ட நீளம் கேட்கிறது; ஒலியை மிஞ்சும் ராக்கெட்டுக்கு ஒன்றரை விட்டம் வைப்பதே என் வழக்கம்.

ஆகவே பிவிசி வேண்டாம். உங்கள் உடற்குழாயிலிருந்தே வெட்டிய மிச்சத் துண்டை அச்சாக வைத்து, கப்ளரை அதன் உட்புறத்தில் வார்த்தெடுங்கள். உட்சுவரில் மெழுகு தேய்த்து, 0.1 மி.மீ. மைலார் (மெல்லிய பிளாஸ்டிக்) தாளை ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டுமாறு பொருத்துங்கள். தாளின் தடிமனே, இருபுறமும் சேர்த்து, உங்களுக்கு வேண்டிய 0.2 இடைவெளியைத் தந்துவிடும். பிசினில் நனைத்த துணியை மெல்லிய குழலில் சுருட்டி உள்ளே கொண்டுபோய் விரித்து, ஒவ்வோர் அடுக்கின் சேர்க்கையையும் வேறு வேறு இடத்தில் விழவிட்டு, கடைசியாகத் தடித்த பாலித்தீன் குழலை நுழைத்து மிதமாகக் காற்றேற்றுங்கள். இருமுனையிலும் பலகை கொடுத்துக் கட்டாவிட்டால் பாலித்தீன் வெளியே பிதுங்கி வெடித்துவிடும்.

கரிநார்ப் பித்தன்:
இவ்வளவு பாடு தேவையா என்று தோன்றுகிறது. சற்றுச் சிறிய குழாயின் மேல் கார்பன் துணியை இறுக்கிச் சுற்றி, வெப்பத்தில் சுருங்கும் நாடாவைப் போட்டு, இறுகிய பின் அளவுக்குத் தேய்த்துக்கொண்டால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். விறைப்பிலும் கண்ணாடிநார் கார்பனுக்கு அருகில்கூட வராது.

தெம்பனிஸ் பட்டறை:
விறைப்பைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் இவர்களுடைய கப்ளர்களில் ஒன்று பெரும்பாலும் மின்னணுக் கருவிகளுக்கான அறையாகவும் இருக்கும். கார்பன் வானொலி அலையை மறைத்துவிடுவதால் உள்ளிருக்கும் ஜிபிஎஸ் அனுப்பி ஊமையாகிவிடும். அளவுக்குத் தேய்ப்பது என்பதும் நடைமுறையில் அதிகப் பயன்தரும் வெளியடுக்கின் நார்களை அறுப்பதுதான். சுருங்கும் நாடா வேறு, துணியை உள்நோக்கி நெருக்கி நீளவாக்கில் மடிப்பு விழச் செய்யும். உள்ளிருந்து காற்றால் அழுத்தும்போது துணி விரிந்து இழுபடுவதால் அந்தத் தொல்லை இல்லை.

பொங்கோல் எபாக்சி:
ஈரப்பதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எபாக்சி இறுகத்தான் செய்யும், ஆனால் பிசினை இறுகச் செய்யும் ஹார்டனர்கள் பல ஈரக்காற்றில் மேற்பரப்பில் மெழுகுபோன்ற படலத்தை உண்டாக்கும். அதன் மேல் கப்ளரின் உள்ளே வரும் தடுப்புத் தகட்டை ஒட்டினால் உரிந்து வந்துவிடும். அந்தப் படலம் நீரில் கரையக்கூடியது என்பதால் முதலில் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவிவிட்டு, உலர்ந்த பிறகே உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலத்தைத் துணிக்குள் தள்ளுவதாகத்தான் முடியும். உள்ளடுக்கின் மேல் பீல் பிளை துணி (இறுகிய பின் உரித்தெடுக்கும் துணி) வைத்தால் இந்த வேலை பெரிதும் குறையும். 30 பாகை வெப்பத்தில் கலவை சட்டென்று கெட்டியாகிவிடும் என்பதால் மெதுவான ஹார்டனரை வாங்கி, குளிரூட்டிய அறையில் வேலை செய்யுங்கள்.

அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய பிசின் பல 50, 60 பாகையிலேயே இளகத் தொடங்குகின்றன. மாக் 1.8-இல் தடைப்பட்டு நிற்கும் காற்று 220 பாகையைத் தாண்டும் என்றாலும் அது சில நொடிகள்தான், அதுவும் கூம்புமுனையையும் இறக்கை விளிம்பையும்தான் சுடும். உடற்குழாய்க்குள் இருக்கும் கப்ளருக்கு ஏவுதளத்தில் வெயிலில் காயும் நேரமே பெரிய சோதனை, கறுப்பு வண்ணம் பூசியிருந்தால் இன்னும் மோசம். எனவே பிசின் தயாரிப்பாளர் குறிப்பிடும் பின்வெப்ப முறையை (இறுகிய பின் மீண்டும் சூடாக்குவதை) தவறாமல் செய்யுங்கள், கப்ளரை அச்சிலிருந்து கழற்றாமலே செய்யுங்கள். கழற்றிவிட்டுச் சூடாக்கினால் வட்டம் முட்டைவடிவாகிவிடும்.

வீவக அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் உலர்தேய்ப்பு மட்டும் வேண்டாம். அந்தத் தூள் அண்டைவீட்டாரின் துணிக்கொடிவரை போகும். குளியலறையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம்.