பழைய பிரிண்டை ஸ்கேன் செய்தால் கறுப்பு எல்லாம் நீலமாக மின்னுகிறது, உதவி தேவை

பழம்படம்:
பாலம் கட்டும் வேலையின்போது எடுத்த கறுப்பு வெள்ளை பிரிண்ட் ஒன்று கையில் இருக்கிறது. சாரத்தில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள், முகங்கள் கடுகு அளவுதான். சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் ஸ்கேனில் ஓரங்களும் நிழல் பகுதிகளும் வெள்ளி பூசியதுபோல நீலமாக மின்னி ஆட்களையே மறைத்துவிடுகின்றன. ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? ஏஐ ஆப்பில் போட்டால் பளிச்சென்று வருகிறது, ஆனால் எல்லோருக்கும் ஒரே பல்வரிசை!

இருட்டறை:
துடைக்காதீர்கள். அது அழுக்கே இல்லை. ஈரமும் காற்றில் உள்ள வாயுக்களும் சேர்ந்து படத்தின் கறுப்பை உருவாக்கும் வெள்ளியை அரிக்க, அது ஜெலட்டின் (வெள்ளியைத் தாங்கி நிற்கும் மெல்லிய படலம்) வழியாக மேலே ஏறி மறுபடி வெள்ளியாகவே படிந்திருக்கிறது. கறுப்பில்தான் வெள்ளி அதிகம், ஓரத்தில்தான் காற்று அதிகம், அதனால் அங்கே முதலில் வரும். தண்ணீர் பட்டால் ஜெலட்டின் உப்பிக்கொள்ளும், அப்புறம் பஞ்சோடு படமும் வந்துவிடும்.

ஸ்கேனரை விட்டுவிட்டு கேமராவில் எடுங்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, விளக்குகளின் முன் போலரைசிங் ஷீட், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள் (இரண்டும் ஒரே திசையில்), லென்ஸில் போலரைசிங் ஃபில்டர். ஃபில்டரைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் மினுமினுப்பு சட்டென்று அணைந்து, அடியில் இருக்கும் கறுப்பு தெரியும்.

சும்மாபார்வை:
வீட்டில் மாட்டத்தான் என்றால் ஏஐ இருந்துவிட்டுப் போகட்டுமே, இவ்வளவு கஷ்டம் எதற்கு?

இருட்டறை:
மாட்டுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் கடுகளவு முகத்தில் இல்லாத கண்ணை அந்த ஆப் எங்கிருந்து கொண்டுவரும்? கற்பனைதான். அங்கே நின்ற மனிதருக்குப் பதில் யாரோ ஒருவர் நிற்கிறார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே 1936இல் கலிஃபோர்னியாவில் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படம் தெரியும்தானே, அதன் ஓரத்தில் கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பின்னாளில் நெகடிவிலேயே அவர் மறைக்கவைத்தார். ஒரு விரலுக்கே இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் முழு முகத்தையே மாற்றப் பார்க்கிறீர்கள்.

கீறல், மடிப்பு, பூஞ்சைப் புள்ளி இதையெல்லாம் சரிசெய்யுங்கள், தப்பில்லை. கை வைக்காத 16 பிட் டிஃப் கோப்பு (விவரம் இழக்காமல் சேமிக்கும் வடிவம்) ஒன்று மட்டும் தனியாக இருக்கட்டும்.

மஞ்சள்கறை:
மஞ்சள் கறை இருந்தால் கலரில் எடுத்த கோப்பின் ரெட் சேனலை (சிவப்பு ஒளி மட்டும் பதிந்த பகுதி) மட்டும் எடுத்துப் பாருங்கள், மஞ்சள் நீல ஒளியைத்தான் விழுங்கும், சிவப்பில் கறை பெரும்பாலும் காணாமல் போகும். படமே மஞ்சளாக மங்கியிருந்தால் நேர்மாறு, ப்ளூ சேனலில்தான் உயிர் இருக்கும்.

பழம்படம்:
ரொம்ப நன்றி. நெகடிவும் ஒரு கவரில் இருக்கிறது, அதை ஸ்கேனரில் போடலாமா?

இருட்டறை:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! கட்டாயம் போடுங்கள், பிரிண்டைவிட அதில் விவரம் அதிகம். ஆனால் இன்ஃப்ராரெட் தூசு நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கலர் ஃபிலிமின் சாயம் வழியாக இன்ஃப்ராரெட் ஊடுருவும், கறுப்பு வெள்ளை ஃபிலிமின் வெள்ளி தூசுபோலவே அதைத் தடுக்கும், அதனால் மென்பொருள் படத்தையே தூசு என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். தூசை ஊதுபந்தால் ஊதினால் போதும், வாயால் ஊத வேண்டாம்.

பழம்படம்:
சரி. பிரிண்டை எடுக்கும்போது ஃபில்டர் போட்டதும் ரொம்ப இருட்டாகிறதே, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றவா?

மஞ்சள்கறை:
வேண்டாம், ட்ரைபாடில் வைத்து ஷட்டரை மெதுவாக்குங்கள். பிரிண்ட் எங்கும் ஓடிவிடாது.