சூப்பர்ஃபேட்டுக்குத் தமிழில் என்ன போடலாம்? வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது

ஈரோட்டுக் கடைக்காரர் எழுதியது:

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம். சோப்பும் அழகுப்பொருளும் செய்வதற்கான சரக்கு விற்கும் சின்னக் கடை என்னுடையது. காஸ்டிக் சோடா, சோப் பேஸ், சிலிக்கான் மோல்டு, வாசனை எண்ணெய், முல்தானி மட்டி என்று எல்லாம் உண்டு. வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் சுயஉதவிக் குழுப் பெண்கள், வீட்டிலேயே ஆவாரம்பூ சோப்பும் நலங்கு மாவு சோப்பும் போட்டு வாட்சப்பில் விற்கிறவர்கள். காஸ்டிக் பாக்கெட்டோடு தமிழில் ஒரு துண்டறிக்கை வைக்கப் போகிறேன். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக் மேல் ஊற்றக் கூடாது, அலுமினியப் பாத்திரம் ஆகாது, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் என்பதெல்லாம் எழுதியாயிற்று. ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக 183 கிராம் காஸ்டிக் வேண்டும். அவ்வளவும் யாரும் போடுவதில்லை, 5 சதவீதம் குறைத்து 174 கிராம்தான் போடுவோம். அதனால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் உள்ளேயே நிற்கும், தோலை வறட்டாது, எடை போடுவதில் ஒன்றிரண்டு கிராம் முன்பின் ஆனாலும் தாங்கும். இதற்குத்தான் சூப்பர்ஃபேட் என்று பெயர். 'சூப்பர்ஃபேட் 5%' என்று மட்டும் போட்டால் உடனே போன் வருகிறது. எதைக் கூட்ட வேண்டும், எண்ணெயையா காஸ்டிக்கையா என்கிறார்கள். காஸ்டிக்கைக் கூட்டினால் தோல் வெந்துவிடும். ஒரு நல்ல சொல் கொடுங்கள்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மிகைக்கொழுப்பு. ஊதியம் மிகை, உற்பத்தி மிகை, கொழுப்பும் மிகை. அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

மதுரை வேதியியல் டீச்சர்:

சார், 'உங்கள் சோப்பில் மிகைக்கொழுப்பு 5%' என்று ஒரு பெண் தன் வாடிக்கையாளரிடம் சொல்லிப் பார்க்கட்டும். ஒருவர் மாரடைப்பை நினைப்பார், இன்னொருவர் யாருக்குக் கொழுப்பு என்று சண்டைக்கு வருவார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கடைச் சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று போடுகிறார்கள் அல்லவா, அது மொத்தக் கொழுப்புப் பொருள். குளியல் சோப்பில் முதல் தரத்துக்கு 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாவதற்கு 60. அங்கே கொழுப்பு கூடினால் தரம் கூடும். இங்கேயும் அதே சொல்லைப் போட்டால் 5 எங்கே 76 எங்கே என்று ஆகும், ஆசைப்பட்டு 20 வரை ஏற்றிவிடுவார்கள். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் சேர்த்த சோப்பில் அப்படி ஏற்றினால் சில மாதத்தில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்கு வாடை அடிக்கும்.

புலவர்:

அன்பர்களே, கொழுப்பும் வேண்டா, ஃபேட்டும் வேண்டா. நெய் என்ற அருமையான சொல் இருக்க ஏன் அலைகிறீர்கள்? எள் நெய்தான் எண்ணெய் ஆயிற்று. அந்தக் கணக்கில் 'தேங்காய் எண்ணெய்' என்பதே பிழை, தேங்காய் நெய் என்றுதான் சொல்ல வேண்டும். பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் நறவும் (கள்ளும்) வாங்கிப் போகிறார்கள். ஆக, விலங்கோ வித்தோ எதிலிருந்து வந்தாலும் நெய் நெய்தான். என் பரிந்துரை: மிகுநெய். வினைத்தொகை, ஆகவே முக்காலத்துக்கும் பொருந்தும்.

ஈரோட்டுக் கடைக்காரர்:

புலவர் ஐயா, சொல் அழகுதான். ஆனால் 'மிகுநெய் 5%' என்று அச்சடித்தால் ஐந்து பேரில் மூன்று பேர் பசுநெய்யை உருக்கி ஊற்றுவார்கள். நெய் விற்கிற விலையில் என்னை அடிக்க வருவார்கள்.

துறைமுகத்து ஓய்வாளர்:

மீன்நெய் என்றதும் ஞாபகம் வந்தது. சென்னை மாகாண அரசு சோப்புத் தொழிலில் இறங்கியதே மீன்வளத் துறை வழியாகத்தான். நிக்கல்சன் துரை காலம், 1914, கோழிக்கோடு. தலைப்புக்குச் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

சரி, நெய்யை விட்டுவிட்டு மிகு + எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம்.

புலவர்:

> மிகு + எண்ணெய்

புணர்த்திப் பார்த்தீர்களா? மிகு என்பதில் தனிக்குறிலை அடுத்து வருவது முற்றியலுகரம், எனவே உகரம் கெடாது, உடம்படுமெய்யாக வகரம் தோன்றும். மிகுவெண்ணெய்! நெய்யை வேண்டாம் என்றீர்கள், இப்போது வெண்ணெய் வந்து நிற்கிறது.

மதுரை வேதியியல் டீச்சர்:

ஐயா, நன்னூல் 164இலேயே 'முற்றும் அற்று ஒரோவழி' என்று, முற்றியலுகரமும் கெடலாம் என விட்டுக்கொடுத்திருக்கிறாரே. கதவு + அழகு கதவழகு ஆகிறதே. மிகெண்ணெய் என்றால் பவணந்தியார் கோபிப்பாரா?

புலவர்:

ஒரோவழி என்றால் சிலவிடத்து என்று பொருள் அம்மா. நமக்கு வேண்டியவிடத்து என்று அல்ல.

யாழ்ப்பாணத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குச் சோப்பு என்றால் சவர்க்காரம். பாடப்புத்தகத்திலும் அப்படித்தான். சவர்க்காரத்திலேயே காரம் இருக்குது, அதை விட்டுப்போட்டு ஏன் எண்ணெய்க்குப் பின்னால ஓடுறியள்? கடைக்காரத் தம்பி சொன்னதைத் திரும்ப வாசியுங்கோ, அவர் கூட்டுறது ஒன்றும் இல்லை, காரத்தை, அதுதான் காஸ்டிக்கை, குறைக்கிறார். காரக்குறைப்பு என்று போட்டால் அலுவல் முடிஞ்சுது.

புலவர்:

தம்பி, சவர்க்காரத்தை நினைவூட்டினீர்கள், வாழ்க. சவர் என்றால் உவர். உவர்மண்ணை வைத்துத்தான் வெளுத்தார்கள். கன்னடத்தில் சபகார என்று இன்றும் சோப்புக்குப் பெயர். சோப்பு என்ற சொல் கப்பலில் வருமுன்பே நம்மிடம் சொல்லும் பொருளும் இருந்தன என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

வடமொழியில் ஸ்வர்ஜிகா க்ஷாரம், இந்தியில் சஜ்ஜி. அதிலிருந்து இது வந்திருக்கலாம் என்பதையும் ஒரு பேச்சுக்காவது சொல்லலாமே.

*(இதன்பின் வந்த பதினொரு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். கடைக்காரருக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. – மட்டுறுத்துநர்)*

மதுரை வேதியியல் டீச்சர்:

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. சூப்பர்ஃபேட் என்ற பெயர் கடைசியில் சோப்புக்குள் என்ன மிஞ்சுகிறது என்பதைச் சொல்கிறது. துண்டறிக்கையைப் படிக்கிறவருக்கு அது வேண்டியதில்லை, தராசுத் தட்டில் எதை எவ்வளவு வைக்க வேண்டும் என்பதுதான் வேண்டும். பெயரில் எண்ணெய் இருந்தால் எண்ணெயைக் கூட்டத்தான் கை போகும். இன்னொன்று, கடைசியில் ஒரு கரண்டி பாதாம் எண்ணெய் ஊற்றினால் அதுதான் சோப்பாகாமல் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். அடுப்பில்லாமல் செய்யும் முறையில் அந்த நேரத்தில் காரம் பெரும்பாலும் வினைபுரியாமல்தான் இருக்கும், முதலில் ஊற்றியது எது, பிறகு ஊற்றியது எது என்று அதற்குத் தெரியாது. காய்ச்சிச் செய்யும் முறையில், வெந்து முடிந்த பிறகு ஊற்றினால்தான் அந்தக் கணக்கு ஓரளவு சரி.

என் ஒரே தயக்கம், தமிழ்நாட்டில் காரக்குறைப்பு என்றால் மிளகாயைக் குறைப்பது.

யாழ்ப்பாணத்தான்:

அது உங்கட கரைச்சல் டீச்சர். நாங்கள் மிளகாய்க்கு உறைப்பு என்றுதான் சொல்லுறது. காரம் எங்களுக்கு வேதியியல்தான்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் எஞ்செண்ணெய்? எஞ்சு + எண்ணெய். இங்கே குற்றியலுகரம், உகரம் கெட்டே தீரும், புலவரும் தடுக்க முடியாது.

ஈரோட்டுக் கடைக்காரர்:

ஐயா, என்னிடம் வாங்குகிற சிலர் வடை பஜ்ஜி பொரித்த எண்ணெயில் பாத்திரச் சோப்பு செய்கிறவர்கள். எஞ்செண்ணெய் என்றால் அவர்களுக்கு வாணலியில் மிஞ்சியது. நான் ஒரு கட்டத்தில் 'காஸ்டிக் தள்ளுபடி 5%' என்று எழுதிப் பார்த்தேன். கடைப் பையன் படித்துவிட்டு, எந்தத் தேதி வரைக்கும் அண்ணா என்று கேட்டான்.

இப்போதைக்கு இப்படி முடித்திருக்கிறேன்: 'காஸ்டிக் குறைப்பு 5%: அட்டவணையில் உள்ள காஸ்டிக் எடையில் 100 கிராமுக்கு 5 கிராம் குறைத்துப் போடவும். யூடியூபில் இதைச் சூப்பர்ஃபேட் என்பார்கள்.' டீச்சர், அண்ணன், துறைமுகம் ஐயா மூவரும் சரி என்று தனிமடல் போட்டார்கள்.

புலவர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் உடன்படவில்லை. காஸ்டிக் என்று எழுதிவிட்டுக் கலைச்சொல் ஆக்கினோம் என்று சொல்வது எப்படி? நம் குழுமச் சொற்பட்டியலில் 'காரக்குறைப்பு, மிகுநெய்' இரண்டும் இடம்பெற வேண்டும், காஸ்டிக் குறைப்பு இடம்பெறக் கூடாது. பதிவுக்காகச் சொல்கிறேன்.

ஈரோட்டுக் கடைக்காரர்:

பட்டியலில் எது வேண்டுமானாலும் போடுங்கள் ஐயா, பாக்கெட் மேல் காஸ்டிக் சோடா என்றுதான் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எடுத்து எடை போடுவார்கள். அறிக்கை அச்சகத்துக்குப் போய்விட்டது. அப்புறம், அடுத்த தாளுக்கு 'ட்ரேஸ்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும். கலவை கெட்டியாகி, கரண்டியிலிருந்து ஒழுகவிட்டால் மேலே கோடு நிற்குமே, அந்த நிலை.

மதுரை வேதியியல் டீச்சர்:

பதம். கோட்டுப் பதம். பாகுக்குக் கம்பிப் பதம் இருக்கிறதே, எல்லோருக்கும் புரியும்.

யாழ்ப்பாணத்தான்:

நல்லம். எனக்குச் சம்மதம்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

எனக்கும். பதம் வடசொல்தானே, புலவர் ஒத்துக்கொள்வாரா?

புலவர்:

சொல் என்ற பொருளில் வரும் பதம் வேறு, பக்குவம் என்ற பொருளில் வரும் பதம் வேறு. பின்னது தூய தமிழ். விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, புதிய இழை தொடங்குகிறேன்.