ஊருணிக் கரைப் பொட்டலில் ஒருநாள் இயற்கைச் சாயமேற்றல்: என்னென்ன முன்னேற்பாடு தேவை?

கேட்டவர்: கண்டனூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக 40 பேர் சேர்ந்து இயற்கைச் சாயத்தில் துணி தோய்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஊருணிக்கு மேற்கே இருக்கும் பொட்டலில் விறகடுப்பு மூட்டி, ஆளுக்கொரு வெள்ளைப் பருத்தித் துண்டைத் தோய்த்து மாலையில் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது திட்டம். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சேலையில் வழக்கமாக வரும் அரக்கும் மஞ்சளும் கறுப்பும் செடியிலிருந்தும் மரத்திலிருந்தும்கூடப் பிறக்கும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. அந்த மூன்று நிறங்களையும் ஒரே நாளில் காட்ட முடியுமா? வீடுகளில் திருமணச் சமையலுக்கு வைத்திருக்கும் பித்தளை அண்டாக்களைப் பயன்படுத்தலாமா? மீந்த சாய நீரை எங்கே கொட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: சாயப்பட்டறைக்காரர்

வணக்கம் அம்மா. மூன்று நிறங்களையும் காட்டலாம். ஆனால் அந்த ஒருநாள் வேலையின் பெரும்பகுதியை முந்தைய வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். காலையில் கடையிலிருந்து வாங்கிய துண்டை நேரே சாயத்தில் போட்டால், மாலையில் அழகாகத்தான் இருக்கும். இரண்டு முறை துவைத்ததும் வெளிறிவிடும். பிள்ளைகள் அதைப் பார்த்து, இயற்கைச் சாயம் என்றாலே நிற்காது என்று எண்ணிவிடக் கூடாது.

முதலில் புதுத் துண்டில் இருக்கும் கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் நீக்க, சலவைச் சோடா கலந்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு நன்றாக அலசுங்கள். நீர் பழுப்பாக மாறுவதைப் பார்த்தாலே எவ்வளவு அழுக்கு இருந்தது என்று தெரியும். அடுத்தது கடுக்காய். பட்டு நூலைப் போலவோ கம்பளியைப் போலவோ பருத்தி படிகாரத்தைத் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளாது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து இழையில் ஏறியிருந்தால்தான் படிகாரம் அதைப் பற்றிக்கொண்டு நிற்கும், படிகாரத்தைப் பற்றிக்கொண்டு சாயம் நிற்கும். ஒரு கிலோ உலர்ந்த துணிக்கு 200 கிராம் கடுக்காய்த் தூள் என்ற கணக்கில் வெந்நீரில் கரைத்து, துண்டுகளை ஓர் இரவு ஊறவைத்து, அலசாமல் பிழிந்து உலர்த்துங்கள். மறுநாள், கறுப்புக்கென ஒதுக்கிய துண்டுகளைத் தவிர மற்றவற்றை, கிலோவுக்கு 150 கிராம் படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுத்து உலர்த்துங்கள். துண்டு ஒன்று 100 கிராம் என்றால் 40 துண்டுக்கு 4 கிலோ ஆகிறது. கிலோவுக்கு 20 முதல் 30 லிட்டர் நீர் வேண்டும் என்பதால், பாத்திரங்களின் அளவை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

அரக்குக்கு மஞ்சணத்தி வேர்ப்பட்டை உங்கள் பக்கத்திலேயே கிடைக்கும். அதற்காக நிற்கிற மரத்தைத் தோண்டாதீர்கள். மனைக்காக நிலம் திருத்துகிற இடங்களில் மஞ்சணத்தியை வேரோடு பிடுங்கிப் போட்டிருப்பார்கள், அங்கே கேட்டு வாங்குங்கள். துணியின் எடைக்குச் சமமாகப் பட்டையை எடுத்து இடித்து முதல் நாளே ஊறவைத்து, துண்டை இளஞ்சூட்டிலேயே போட்டுச் சூட்டை மெல்ல ஏற்றுங்கள். பழைய சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்புக்குப் பேர்போன சாயவேர் இதைவிட உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் நல்ல வேருக்குச் செடி இரண்டாண்டு வளர வேண்டும்; அந்தச் சிவப்பை முழுதாகக் கொண்டுவர ஒருநாள் போதாது. ஒரு கட்டு வேர் கிடைத்தால் பிள்ளைகளின் கையில் கொடுத்துக் காட்டுங்கள், அது போதும்.

மஞ்சளுக்குச் செண்டுப் பூ. பொங்கல் முடிந்த சமயம் என்பதால் வாடிய மாலைகள் கோயில்களில் நிறையச் சேர்ந்திருக்கும். இதழ்களை ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டி, அந்த நீரில் துண்டைப் போடுங்கள். சமையல் மஞ்சளைத் தவிர்த்துவிடுங்கள்; கண்ணைப் பறிக்கும் நிறம்தான், வெயிலில் காய்ந்தால் ஓடிவிடும்.

கறுப்புக்கு அடுப்பே வேண்டாம். பழைய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் போட்டு மூன்று வாரம் புளிக்கவைத்தால் இரும்புக் கரைசல் தயாராகும். அதற்குக் காலம் இல்லையென்றால், ஒரு கிலோ துணிக்கு 20 கிராம் அன்னபேதி (கடையில் கிடைக்கும் இரும்பு உப்பு) போதும். கூடினால் நாளடைவில் இழை இற்றுப்போகும். கடுக்காய் ஏறிய துண்டு மங்கலான வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதை இந்த நீரில் அமிழ்த்துகிற நொடியில், விளிம்பிலிருந்து சாம்பல் நிறம் பரவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துப்போகும். நாள் முழுவதிலும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை இதுவாகத்தான் இருக்கும்; ஆகவே இதைக் காலையிலேயே செய்யாமல் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு பட்ட கையோ கோலோ மஞ்சள் சாய அண்டாவுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள்.

மறுமொழி: பள்ளத்தூர் ஆச்சி

தங்கையின் முயற்சி மனத்துக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது. பித்தளை அண்டாவைத் தயவுசெய்து தொடாதீர்கள். படிகார நீர் புளிப்புத் தன்மை உடையது. ஈயப் பூச்சு தேய்ந்த இடத்தில் செம்பும் துத்தநாகமும் கரைந்து சாயத்தில் கலந்து நிறத்தை மாற்றும். பாட்டி காலத்து அண்டாவும் பாழாகும். அலுமினியமும் இரும்புச் சட்டியும் சரிப்படாது. எவர்சில்வர் பாத்திரங்களை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாகவே வாங்கி, அவற்றைச் சாயத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். சாயம் காய்ச்சிய பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது. அடுப்பில் ஏற்றும் முன் பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் ஈர மண்ணைக் குழைத்துப் பூசினால், கரி பிடிக்காமல் எளிதாகக் கழுவலாம்.

அடுப்பைப் பொறுத்தவரை, விருந்துச் சமையலுக்கு வெட்டுவதுபோல் கோட்டை அடுப்பு வெட்டுங்கள். காற்று வரும் திசையை ஒட்டி நீளவாக்கில் அமைந்தால் புகை ஒரே பக்கம் போகும். சீமைக் கருவேல விறகு நின்று எரியும், ஆனால் சூடு கடுமையாக இருக்கும். நீர் சூடேறியதும் விறகைப் பாதிக்கு வெளியே இழுத்துவிட்டுக் கங்கில் மட்டும் வைத்திருங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் எழுந்துகொண்டிருக்க வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. மஞ்சணத்தி அண்டாவில் இதை மிகக் கவனமாகப் பாருங்கள், கொதித்தால் அரக்கு மங்கிப் பழுப்பாகிவிடும்.

அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகளை அதற்கு வெளியே நிறுத்துங்கள். கிளறுவது பெரியவர்கள் வேலை. அலசுவதும் உலர்த்துவதும் பிள்ளைகள் வேலை. அடுப்பருகே நிற்பவர்கள் பருத்தி ஆடையே உடுத்த வேண்டும், முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். சுடு நீர் நிறைந்த அண்டாவை எக்காரணம் கொண்டும் தூக்கி இறக்கக் கூடாது. நெருப்பை இழுத்துவிட்டு நீண்ட மூங்கில் கோலால் துணியை மட்டும் எடுங்கள். மணல் வாளியும் தண்ணீர்க் குடமும் பக்கத்திலேயே இருக்கட்டும். யாருக்காவது சுட்டுவிட்டால் 20 நிமிடம் சாதாரணக் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். பற்பசையும் மையும் தடவ விடாதீர்கள்.

மறுமொழி: தேவகோட்டை வேதியியல் ஆசிரியர்

நீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நம் பகுதி செம்புறாங்கல் பூமி. சில ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் இரும்பு கணிசமாக இருக்கும். அந்த நீரில் செண்டுப் பூவைக் காய்ச்சினால் மஞ்சளுக்குப் பதிலாகப் பாசி நிறம்தான் வரும். சோதிப்பது எளிது: ஒரு கண்ணாடித் தம்ளரில் அந்த நீரை எடுத்து, தெளிந்த கடுக்காய்க் கஷாயத்தைச் சில துளிகள் விட்டுப் பாருங்கள். நீர் கருநீலமாகவோ சாம்பலாகவோ மாறினால் இரும்பு இருக்கிறது என்று பொருள். வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) மழைநீர் பிடித்து வைக்கும் வீடுகள் உங்கள் ஊரில் இருந்தால், மஞ்சள் அண்டாவுக்கு அந்த நீரைக் கேட்டு வாங்குங்கள்.

மீந்த நீரை ஊருணியிலோ ஊருணிக்கு நீர் வரும் கால்வாயிலோ கொட்டவே கூடாது. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கவும் விடாமல் காத்த ஊர்கள் நம்முடையவை. பொட்டலின் தாழ்ந்த பக்கத்தில், ஊருணியிலிருந்து விலகி ஒரு குழி வெட்டி அதில் ஊற்றுங்கள். வெந்த பூவும் பட்டையும் உரக்குழிக்குப் போகட்டும். பச்சை நிறம் கிடைக்கும் என்று யாராவது மயில்துத்தத்தை (செம்பு உப்பை) பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். அது மீனுக்கும் மண்ணுக்கும் நஞ்சு.

கேட்டவர்: கண்டனூர் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆச்சி சொன்னபடி எவர்சில்வர் அண்டாக்கள் வாங்க ஏற்பாடு செய்கிறோம். இன்னும் ஒரே ஓர் ஐயம்: பிள்ளைகள் நீலமும் வேண்டும் என்கிறார்கள். அவுரியை இன்னோர் அடுப்பில் ஏற்றலாமா?

மறுமொழி: சாயப்பட்டறைக்காரர்

அவுரியை மற்றச் சாயங்களைப்போல் காய்ச்ச முடியாது அம்மா. அதன் நீலம் நீரில் கரையாது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டியில் சில நாள் புளிக்கவைத்தால்தான் கரைந்து துணியில் ஏறும். புளித்து நுரை கட்டிய தொட்டியை யாராவது பட்டறைக்காரர் ஆயத்தமாகக் கொண்டுவந்து காட்டுவதென்றால் வரவேற்கலாம். துணி பச்சையாக வெளியே வந்து காற்றுப் பட்டு நீலமாகும். இல்லையென்றால் இந்த ஆண்டு மூன்று நிறங்களோடு நிறுத்திக்கொண்டு, தோய்த்த துண்டுகளை நிழலில் உலர்த்தி, ஒரு வாரம் கழித்துப் பூந்திக்கொட்டை நீரில் முதல் முறை அலசச் சொல்லுங்கள்.